நாலு விரல்

மோனை,

சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்டுத்தான் நான் எப்போதும் தொடங்குவேன். இன்றைக்கு அந்தக் கதை ஒன்றும் இல்லை. கோபத்தோடு எழுதுகிறேன். இதை வாசித்து முடிக்கும்வரை நடுவில் எழுந்து தேத்தண்ணி வைக்கப் போகாதே, போனில் வேறு ஒன்றையும் பார்க்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல்பதிவை இதோடு எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கனடாவில் மான் வேட்டைக்கு அனுமதி எடுத்துவிட்டாய். வருகிற சனிக்கிழமை வேட்டைக்காலம் தொடங்குகிறது. உன்னோடு வேலை செய்கிற பொடியனும் அவனுடைய தகப்பனும் நீயுமாகக் காட்டுக்குப் போகிறீர்கள். நீ வாங்கி மூன்று மாதம் பழகிய துவக்கு ஏதோ பழுதாகித் திருத்தக் கொடுத்திருக்கிறாய். ஆகவே அந்தத் தகப்பனுடைய பழைய துவக்கை இரவல் வாங்கிவிட்டாய். அந்தப் பொடியனிடம் வேகம் அளக்கிற கருவி இருக்கிறதாம், இரண்டு துவக்காலும் அவனே சுட்டு அளந்து காட்டினானாம். நீ என்ன பூரிப்போடு சொன்னாய்: "அம்மா, ஒரு புதினம் கேளுங்கோ. ஒரே பெட்டியிலை எடுத்த தோட்டா. என்ரை குழலிலை ஒரு வேகம், அவரின்ரை குழலிலை வேறை வேகம். அவரின்ரை குழல் கொஞ்சம் கட்டை. கட்டைக் குழலெண்டால் வெடிமருந்து எரிஞ்சு தள்ளுறதுக்கு இடம் காணாது, அதாலை வேகம் குறையுது. ஒரே நீளத்திலை செய்த இரண்டு குழலுக்கே ஒரே வேகம் வராதாம். பெட்டியிலை எழுதியிருக்கிறது அவங்கள் சோதிச்ச குழலின்ரை வேகம், எங்கடையின்ரை இல்லை."

நான் உடனே அழைத்தேன். இரவல் துவக்கால் நீ கடதாசிக் குறிக்கு ஒரு தரமாவது சுட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். "நேரமில்லை அம்மா. வித்தியாசம் சின்னந்தான். மான் என்ன சின்னச் சாமானோ, எங்கையாவது படும்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அறவில்லை, நான்தான் அறுத்தேன். ஓமடா, எங்கேயாவது படும். எங்கே படும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உனக்குப் போனில் படம் பிடித்து அனுப்ப ஒரு படியும், உன் மாமாவுக்கு ஒரு படியும், உரும்பிராயில் எங்கள் சனசமூக நிலையம் போடுகிற ஆண்டு மலருக்கு ஒரு படியுமாக எழுதுகிறேன். ஊர் அறியச் சொன்ன பொய்யை ஊர் அறியத்தான் திருப்பி எடுக்க வேண்டும். உன் அப்பா கண்ணை மூடும்வரை அவருக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை.

முதலில் பண்டியின் கதை. தென்மராட்சியின் கிழக்குத் தொங்கலில், பற்றைக்காட்டை அண்டித்தான் நான் பிறந்த வீடு என்று உனக்குத் தெரியும். ஐயாவுக்கு, அதாவது உன் அம்மப்பாவுக்கு, மரவள்ளித் தோட்டமும் கச்சான் கடலையும் இருந்தன. காட்டுப் பண்டி ஒரு இரவில் வந்து போனால் விடிய அந்தத் தோட்டத்தைப் பார்க்க ஏலாது. ஐயாவிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. குழல் வாயால் மருந்தைப் போட்டு, தென்னந்தும்பை வைத்து, மேலே ஈயத்துண்டையும் பழைய சைக்கிளில் கழற்றிய இரும்புப் போளைக் குண்டுகளையும் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குகிற சாதி. சண்டைக் காலம், மருந்துக்குத் தட்டுப்பாடு. ஒருநாள் ஐயா வழக்கத்தைவிட ஒரு விரல் மருந்தைக் குறைத்துப் போட்டார். குறி பார்த்தது மட்டும் வழக்கமான இடத்துக்கே. மருந்து குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் குண்டு கீழே இறங்கும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. வித்தியாசம் சின்னந்தான் என்று நினைத்திருப்பார். நெஞ்சில் பட வேண்டியது, கிழங்கு கிண்டக் குனிந்திருந்த தாடையில் பட்டது. அது ஓடிவிட்டது. மூன்றாம் நாள் நான் கிணற்றடிக்குப் போனபோது அது எங்கள் தொட்டியடியில் நின்றது. பெண் பண்டி. கீழ்த்தாடை இல்லை. நாக்கு மண்ணில் தொங்கி, அதில் புழு நெளிந்தது. தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது, குடிக்க வாய் இல்லை. தலையைத் தொட்டிக்குள் விடுவதும் எடுப்பதுமாக நின்றது. என்னைக் கண்டும் ஓடவில்லை. அண்ணை, உன் மாமாதான், கோடரியோடு வந்து மண்டையில் அடித்தார். முதல் அடியில் சாகவில்லை, நாலாவது அடியில்தான் விழுந்தது. அடிவயிற்றில் பால் கட்டியிருந்தது. எங்கேயாவது படும் என்று சொன்னாயே, அது இதுதான்.

உன் இடது புருவத்தில் இருக்கிற தழும்புக்கும் வருகிறேன். உனக்கு எட்டு வயது. மாமா மானிப்பாயிலிருந்து வந்து முற்றத்தில் கதிரையில் இருந்தார். பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் சாத்தியிருந்தார். நீ ஒரு பூவரசந் தடியைத் தோளில் வைத்து, ஒற்றைக் கண்ணைப் பூட்டி, "மாமா, டுமீல்" என்றாய். பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கும். அதே தடியைப் பறித்து, அது மூன்றாக முறியும்வரை உன்னை அடித்தேன். புருவம் பிளந்து உன் சட்டையெல்லாம் இரத்தம். மாமா ஒற்றைக் காலால் துள்ளி வந்து என் கையைப் பிடித்து, "விடடி அவனை, விசரே உனக்கு, செத்துப்போவான்" என்று கத்தினார். அப்படி அடித்ததற்கு ஒருநாளும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. உன் கலியாணத்துக்குச் சோடிக்கும்போது மை வைத்த பெண் அந்தத் தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்க, "விளையாடேக்கை விழுந்தது" என்று நீதான் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். மன்னித்துக்கொள், ராசா. நீ பிடித்த தடியை அல்ல, வேறொன்றைத்தான் நான் அன்றைக்கு முறித்தேன்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அண்ணைக்கு இருபத்திமூன்று. பண்டித் தொல்லை பெருத்த வருடம் அது. ஒரு துவக்குப் போதாது என்று அண்ணை தன் சிநேகிதன் ஒருவனிடம் இன்னொரு இடியனை இரவலாக வாங்கி வந்தார். இரண்டும் ஒரே கொல்லன் செய்தவை. ஒரே மரத்தில் பிடிக் கட்டை, ஒரே மாதிரிப் பித்தளைப் பூண், பார்த்தால் ஒருதாய்ப் பிள்ளைகள்தான். இரவல் துவக்கு கம்பி இல்லாமல்தான் வந்தது. இரண்டுக்கும் எங்கள் கம்பியையே பாவித்தோம். அந்தக் கம்பி இடிப்பதற்கு மட்டுமில்லை, துவக்குக்குள் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கும் அதுதான். கம்பியைக் குழலுக்குள் விட வேண்டும். நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. கம்பியின் தலை குழல் வாயோடு மட்டமாக நின்றால் வெறுங்குழல். ஐயா எங்கள் இரண்டு பேருக்கும் இதைப் பத்து வயதிலேயே காட்டித் தந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். இரவல் துவக்கு வந்த கிழமை அண்ணையின் வலது தோள் வீங்கிக் கறுத்துப்போய் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. சைக்கிளால் விழுந்ததாகச் சொன்னார். இதை மனதில் வைத்துக்கொள்.

அந்தக் கிழமைதான் உன் அப்பா எனக்கு எழுதிய கடிதம் அண்ணையின் கையில் அகப்பட்டது. உரும்பிராய்ப் பொடியன், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், வேதக்காரர். அண்ணை இரவு முழுக்கத் தோட்டக் கொட்டிலில் காவல் இருந்தார். விடிய நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவர் கடிதத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்து, "உவன் ஆரடி? சேர்ச்சுக்குப் போய் முழங்காலிலை நிக்கப்போறியோ?" என்று கேட்டார். நான் எதிர்த்து வாய் காட்டினேன். பளார் என்று கன்னத்தில் ஒன்று விழுந்தது. மற்றக் கன்னத்திலும் விழுந்தது. உதடு வெடித்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. கடிதத்தைக் கிழித்துக் காவல் நெருப்பில் போட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன்னை ஒருநாளைக்கு வெடி வைச்சுக் கொல்லாட்டில் எனக்குப் பேர் வேறை" என்று சொன்னேன். தோட்டத்தில் நின்ற ஐயாவுக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம்.

ஒரு மணித்தியாலம் போயிருக்காது. ஐயா துவக்குகளைக் கழுவி வைக்கச் சொன்னார். அண்ணை வாளிகளோடு கிணற்றடிக்குப் போய்விட்டார். கொட்டில் தட்டியில் சாத்தியிருந்த இரண்டில் என் கைக்கு வந்தது இரவல் துவக்கு. நான் கம்பியை எடுத்தேன், குழலுக்குள் விட்டேன், தலை வாயோடு மட்டமாக நின்றது. விரலால் தடவியும் பார்த்தேன். வெறுங்குழல். வெறுங்குழலில் கம்பி விழுந்தால் இரும்பில் இரும்பு முட்டுகிற சத்தம் கேட்கும். தும்பில் முட்டினால் தொப்பென்று கேட்கும். அன்றைக்கு எந்தச் சத்தம் கேட்டது என்று எனக்குத் தெரியாது. கன்னம் எரிந்துகொண்டிருந்தது, மனதுக்குள் அண்ணையைத் திட்டிக்கொண்டிருந்தேன், காது வேலை செய்யவில்லை. கழுவுவதற்கு முன் வெறுங்குழலில் தீப்பொறி தருகிற சின்னக் கேப் ஒன்றை வைத்துத் தட்டிவிடுவது ஐயாவின் வழக்கம், துவாரத்தில் அடைத்த கரி அதோடு பறந்துவிடும். நானும் ஒரு கேப் வைத்தேன். குழல் எங்கே பார்க்கிறது என்று பார்க்கவில்லை. இப்படி எழுதுவதும் முழு உண்மையில்லை. அண்ணை தண்ணீரோடு அந்தப் பக்கமாக வருவது எனக்குத் தெரியும். தெரிந்தும் குழலைத் திருப்பவில்லை. வெறுங்குழல்தானே என்று விசையை இழுத்தேன்.

சத்தம் என் நெஞ்சில் உதைத்தது. புகை விலக அண்ணை கிடந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பும் உடுத்திருந்த சாரத்தின் கிழிசலும் இறைச்சியும் ஒன்றாகக் கிடந்தன. பாதம் மட்டும் செருப்போடு, காயமே இல்லாமல், ஒரு துண்டுத் தோலில் தொங்கியது. இரண்டு வாளித் தண்ணீரும் கொட்டி, அதோடு சேர்ந்து இரத்தம் மரவள்ளிப் பாத்திக்குள் ஓடியது. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, "சுட்டுப்போட்டாய் என்ன" என்று மட்டும் சொன்னார். நான்தான் கத்தினேன். ஐயா ஓடி வந்து முதலில் எனக்கு அடித்தார், பிறகுதான் அண்ணையைப் பார்த்தார். என் தாவணியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினோம். பக்கத்துத் தோட்டத்து உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினோம். அந்தக் குண்டும் குழியுமான வழியெல்லாம் முழங்கால் மடிப்புக்குள் என் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டே போனேன். பெட்டி துள்ளும்போதெல்லாம் சூடாக இரத்தம் பீறிட்டு என் மடியில் விழுந்தது. தொங்கிய பாதத்தை ஐயா ஒரு குழந்தையைப் பிடிப்பதுபோல் கையில் வைத்திருந்தார்.

ஆசுப்பத்திரியில் அன்றைக்கு வேறு இடத்தில் ஷெல் விழுந்து காயப்பட்ட சனம். நிலமெல்லாம் ஆட்கள். ஒரு தாதி ஓடி வந்து "என்ன நடந்தது?" என்று கேட்டாள். ஐயா நிலத்தைப் பார்த்தார். அண்ணைதான் கண்ணைத் திறந்து "வெடி" என்று சொன்னார். எங்கள் ஊரில் துவக்குச் சூடும் வெடிதான், மிதிவெடியும் வெடிதான், திருவிழாவுக்குக் கொளுத்துவதும் வெடிதான். அவள் "எங்கை மிதிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அண்ணை "பற்றைக்குள்ளை" என்றார். முடிந்தது கதை. காலை அறுத்த டாக்குத்தர் உள்ளேயிருந்து ஈயத்தையும் சைக்கிள் போளைகளையும் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாளில் மிதிவெடிக்குள்ளும் சைக்கிள் போளைதான் இருந்தது.

ஐயா எங்கள் துவக்கைப் புதைத்தார், இரவல் துவக்கைக் கடலில் போட்டுவிட்டு வந்தார் என்று கேள்வி. வீட்டில் அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஊருக்கு அண்ணை மிதிவெடியில் கால் இழந்தவர். அவருக்குப் பொய்க்கால் வந்தபோது படம் பிடித்தார்கள். நீ ஐந்தாம் வகுப்பில் உன் மாமாவைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பரிசு வாங்கி வந்து மேசையில் வைத்தபோது, நான் குசினிக்குள் போய் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதேன். கால் போய் ஆறு மாதத்தில், அதே அண்ணைதான் ஊன்றுகோலோடு ஐயாவின் முன்னால் நின்று, "அவளை அந்த வேதக்காரப் பொடியனுக்கே குடுங்கோ" என்று சொன்னார். என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் எனக்குள் ஒரு பேய் இருந்தது, மோனை. நான் கம்பியை விட்டுப் பார்த்தேன், மட்டமாக நின்றது. ஆனாலும் வெடித்தது. அது எப்படி? இல்லாததைக் கண்டேனா? அல்லது நான் பார்க்கவேயில்லையா, பார்த்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா? கொல்லுவேன் என்று சொன்ன வாய் என்னுடையது. கை மட்டும் வேறு ஆளுடையதா? முப்பத்தைந்து வருடம் இதைச் சுமந்துகொண்டுதான் உனக்குச் சோறு ஊட்டினேன், பாடம் சொல்லித் தந்தேன், சேர்ச்சில் முழங்காலில் நின்றேன்.

அப்போதுதான் நீ சொன்னாய், ஒரே பெட்டித் தோட்டா, இரண்டு குழல், இரண்டு வேகம் என்று. நான் வேகத்தைக் கேட்கவில்லை. "அவரின்ரை குழல் கொஞ்சம் கட்டை" என்ற ஒரு சொல்லைத்தான் கேட்டேன். கையில் இருந்த மரக்கறிக் கத்தியை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அந்த இரண்டு துவக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நான் ஒருநாளும் நீளம் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் மானிப்பாய்க்குப் போனேன். மாமா அப்போதுதான் தையல் மெசின் திருத்துகிற கடையைத் திறந்திருந்தார். அந்தக் கடையின் இரும்புச் சட்டரை இழுத்து மூட நுனி வளைத்த ஒரு கம்பி வைத்திருக்கிறாரே, நீ சின்னனில் வாள் என்று வைத்து விளையாடக் கேட்டு அவர் தர மறுப்பாரே, அது எங்கள் துவக்கின் கம்பி என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆசுப்பத்திரியால் வந்த முதல் மாதம் அதை ஊன்றித்தான் நடந்தார். அந்தக் கம்பியைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் அந்தக் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பேன். அன்றைக்கு நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். உன் குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு மெசினின் வயிற்றுக்குள் தலையை விட்டபடியே கேட்டார். "மருமோன் நல்லாத்தான் விளங்கப்படுத்துறான்" என்றார்.

"அண்ணை, இரவலா வந்த அந்தத் துவக்கு எங்கடையிலும் பாக்க நீளமோ?"

எங்கள் வாயில் அந்தச் சொல் வந்து முப்பத்தைந்து வருடம். அவர் நிமிரவில்லை. "ஓம். நாலு விரல் நீளம். ஏன், உனக்குத் தெரியாதோ?"

"எனக்கு ஆர் சொன்னது?"

அவர் திருப்புளியால் ஒரு ஆணியை முறுக்கினார். நான் சொன்னேன்: "நான் கம்பி விட்டுப் பாத்தனான் அண்ணை. எங்கடை கம்பி. வாயோடை மட்டமா நிண்டது."

கையிலிருந்த திருப்புளி நிலத்தில் விழுந்து உருண்டது. அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ கம்பி விட்டுப் பாத்தனியோ?"

"பாத்தனான். அம்மாளாச்சி ஆணை, பாத்தனான்." முப்பது வருடத்துக்கு மேல் சேர்ச்சுக்குப் போயும் வாயில் வந்தது அம்மாளாச்சிதான்.

அவர் மெசினின் மூடியை இழுத்து மூடினார். பிறகு சொன்னார்: "முப்பத்தைஞ்சு வரியமா, நீ வேணுமெண்டு சுட்டனீ எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ உன்ரை கையாலை தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனான்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். "விசரே உனக்கு? ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ? ஒரே ஒரு சொல்லு!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் சத்தமே போடாமல், "கேக்க, நீ ஓம் எண்டிட்டால், பேந்து நான் என்னடி செய்யிறது?" என்றார். ஆசுப்பத்திரியில் "வெடி" என்று சொன்னது என்னைக் காப்பாற்ற. ஐயாவிடம் போய் உன் அப்பாவுக்காகக் கதைத்ததும் மன்னித்து அல்ல. தான் கைநீட்டி அடித்ததால்தான் தங்கச்சி துவக்கைத் தூக்கினாள், பிழை தன்னுடையது என்று அவர் முடிவெடுத்திருந்தார். நீ பிறந்ததே அந்த முடிவால்தான்.

பிறகு அவர் தன் பாவத்தைச் சொன்னார். இரவல் துவக்கு வந்த முதல் நாள், எங்கள் துவக்குக்குப் போடுகிற மாதிரியே, கம்பி நாலு விரல் வெளியே நீட்டும்வரை மருந்தும் தும்புமாகப் போட்டிருக்கிறார். நீளக் குழலில் அது எட்டு விரல் சரக்கு. வெடித்த வெடியில் தோள்மூட்டே கழன்றதுபோல் இடித்ததாம். "அண்டைக்குத்தான் குழல் நீளமெண்டு கண்டனான். எங்கடை கம்பி மட்டமா நிண்டால் உதுக்குள்ளை சரக்கு இருக்கு எண்டும் கண்டனான். வெக்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சைக்கிளாலை விழுந்ததெண்டு உங்களைப் பேய்க்காட்டினனான். அண்டைக்கு விடிய, மருந்து போட்டபடி தட்டியிலை சாத்திப்போட்டு, உன்னோடை சண்டை பிடிச்சுக்கொண்டு போட்டன். தோளைப்பற்றி ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எனக்குக் கால் இருந்திருக்கும்." அதைச் சொல்லிவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் எழுந்து போய் அவர் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

ஆகவே மோனை, உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான், ஆனால் இதைக் காதில் போட்டுக்கொள். நாலு விரல் என்னைச் சுத்தமாக்கிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. கம்பி பொய் சொன்னது, சரி. குழலை அண்ணையின் பக்கம் விட்டது கம்பி இல்லை, நான். உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் ஆள் வருகிற பக்கம் பார்க்கக் கூடாது, அதற்கு அளவு வேண்டியதில்லை. நீ எடுத்திருப்பது வேறொருவர் துவக்கு. உன் கைக்கும் கண்ணுக்கும் பழகினது உன் துவக்கு. அந்தப் பொடியன் அளந்தது அவன் சுட்ட சூட்டை. அதை நீ அறிந்துகொள்ளவில்லை, கேள்விப்பட்டிருக்கிறாய், அவ்வளவுதான். கடதாசிக்குச் சுடு. கிட்டவும் சுடு, எட்டவும் சுடு. ஆறின குழலால் சுடுகிற முதல் சூடு எங்கே விழுகிறது என்று பார், மானுக்குக் கிடைப்பது அந்த முதல் சூடுதான். எவ்வளவு தூரத்துக்கு மேல் உன் சூடு சிதறுகிறதோ அதற்கு அப்பால் நிற்கிற மானை விட்டுவிடு, போகட்டும். நாலு நாள் இருக்கிறது, லீவு கேள். லீவு தரமாட்டார்கள் என்றால் இந்த வருடம் போகாதே. உன் துவக்கு திரும்பி வந்த பிறகு போ. தாடையில்லாமல் ஒரு மான் அந்தப் பனிக்குள் நிற்பதை நீ பார்க்கக் கூடாது, அதற்குப் பின்னால் உன் சிநேகிதன் நிற்பதை நினைக்கவே எனக்கு ஏலாது. சுட்டு ஏதும் பிழைத்தால், தோள் வீங்கினால், குறி தப்பினால், பக்கத்தில் நிற்கிறவனுக்கு உடனே சொல். வெட்கப்படாதே. உன் மாமா வெட்கப்பட்ட ஒரு கிழமைக்கு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

நான் புறப்படும்போது மாமா அந்தக் கம்பியை எடுத்து என் கையில் தந்தார். நான் முதல் தடவையாக வாங்கிப் பார்த்தேன். நுனியை வளைத்ததில் கொஞ்சம் குறுகிவிட்டது, இனி அதால் எந்தக் குழலையும் அளக்க ஏலாது. அவர் சொன்னதை அவருடைய வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்: "மருமோனுக்குச் சொல்லு, போய்க் கடதாசிக்குச் சுடட்டாம். சுட்ட கடதாசியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டாம். ஓட்டையெல்லாம் ஒரு இடத்திலை விழுந்திருக்கிறதை என்ரை கண்ணாலை பாக்கவேணும். அது வருமட்டும் நான் இந்தச் சட்டரை இழுக்கப்போறேல்லை."

நான் பகிடி என்று நினைத்தேன். நேற்றுப் பின்னேரம் மழைக்குள் மானிப்பாயால் வந்த ஒருவர், எல்லாக் கடையும் பூட்டியிருக்க மாமாவின் கடை மட்டும் திறந்து கிடக்கிறது, அவர் காலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனைப் பார்த்தபடி கதிரையில் இருக்கிறார் என்று சொன்னார். கம்பி இங்கே என் மேசையில் கிடக்கிறது. அவர் நினைத்தாலும் இனிப் பூட்ட ஏலாது.

அம்மா